உறைவிடப் பள்ளி தேடும்போது வளாகத்தை எவ்வளவு பார்ப்பது, பாடம் நடத்துவதை எவ்வளவு பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறைவிடப் பள்ளிகளில் பதினான்கு ஆண்டுகள் வேதியியல் நடத்தியிருக்கிறேன். அதில் ஆறு ஆண்டுகள் விடுதிப் பொறுப்பும் சேர்ந்தே இருந்தது. அட்மிஷன் நேரத்தில் சுற்றிப் பார்க்க வருகிற பெற்றோரோடு வளாகம் முழுக்க நடந்திருக்கிறேன். எதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், எதை எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள் என்பதெல்லாம் அந்த நடையில் தெரிந்துவிடும். பள்ளி தேடும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு தொகுத்திருக்கிறேன்.

முதலில் நேராகச் சொல்லுங்கள். வசதி முக்கியமா, கற்பித்தல் முக்கியமா?

கற்பித்தல்தான். ஆனால் 'வசதி' என்று ஒரே சொல்லில் நாம் சொல்வதை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர், கழிப்பறை, படுக்கை, காற்றோட்டம், சாப்பாடு, காய்ச்சல் வந்தால் படுக்க ஓர் அறை, இரவுப் பாதுகாப்பு எல்லாம் ஒரு பக்கம். நீச்சல் குளம், கண்ணாடி முகப்பு, ஆடிட்டோரியம், குதிரையேற்றத் திடல் எல்லாம் இன்னொரு பக்கம்.

பகல் பள்ளி என்றால் பிள்ளை ஏழெட்டு மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடும். இங்கே வீடும் அதுதான். அதனால் முதல் பக்கத்தில் இருப்பவற்றைக் கற்பித்தலோடு தராசில் வைத்து நிறுக்கவே கூடாது. அவை சரியில்லை என்றால் அந்தப் பள்ளியைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். அவை சரியாக இருக்கும் இரண்டு மூன்று பள்ளிகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது முழுக் கவனமும் ஆசிரியர்கள் மேல் இருக்கட்டும். நீச்சல் குளத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

விட்டுக்கொடுக்கவே கூடாத வசதிகள் என்னென்ன? எப்படிச் சரிபார்ப்பது?

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் பள்ளிகளுக்கான தண்ணீர், சுகாதார நெறிகளை வெளியிட்டது. வசதி குறைந்த இடங்களுக்கென்றே எழுதப்பட்ட நெறிகள் அவை. அதிலேயே பகல் பள்ளிக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால், தங்கிப் படிப்பவருக்கு 20 லிட்டர். ஃப்ளஷ் கழிப்பறை இருந்தால் அதற்குத் தனியாகக் கூடுதல் தண்ணீர் வேண்டும். கழிப்பறை கணக்கு, 25 மாணவிகளுக்கு ஒன்று. மாணவர்களுக்கு 50 பேருக்கு ஒரு கழிப்பறையும் ஒரு சிறுநீர்த் தொட்டியும். இது பள்ளி நேரத்துக்கு வைத்த அளவு. விடுதியில் காலை ஆறு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். ஆகவே பள்ளிக் கட்டடத்தில் இந்த அளவே இல்லை என்றால் விடுதியில் நிலைமை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். கழிப்பறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா? உள்ளே விளக்கு எரிகிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா, அல்லது பக்கத்தில் நிரப்பி வைத்த டிரம் மட்டும்தானா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் படுக்கையிலிருந்து அங்கே எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? நான் விடுதி பார்த்த காலத்தில், இருட்டான நடைபாதைக்குப் பயந்து விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் முதல் பீரியடில் அவர்கள் தலை தொங்கும். கணக்கு வராமல் இல்லை, தூங்கவில்லை.

தூக்கம் என்றதும் ஒரு கணக்கு. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் பரிந்துரைத்தது. பள்ளியின் தினசரி அட்டவணையை வாங்கி, விளக்கை அணைக்கும் நேரத்திலிருந்து மணி அடிக்கும் நேரம்வரை எண்ணிப் பாருங்கள். பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுப்புவதை ஒழுக்கம் என்று எந்தப் பள்ளி சொன்னாலும் அது ஆறு மணி நேரம்தான்.

காற்றும் வெப்பமும் வசதிப் பட்டியலில் வராத வசதிகள். அமெரிக்காவில் ஒரே தேர்வை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதிய ஒரு கோடி மாணவர்களின் மதிப்பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2020-ல் வெளியானது. குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில், பள்ளியாண்டின் வெப்பம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டில் படித்ததில் சுமார் ஒரு சதவீதம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. எல்லா அறையிலும் ஏ.சி. வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜன்னல் திறக்கிறதா, எதிர்ச் சுவரிலும் ஜன்னல் உண்டா, மேல்மாடி வகுப்பறை பிற்பகல் மூன்று மணிக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடம் உள்ளே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாடியிலிருந்தும் வெளியேற இரண்டு வழிகள் இருக்க வேண்டும். இரவில் அவற்றை வெளிப்பக்கம் பூட்டக் கூடாது. மெடிக்கல் ரூமில் யார் இருக்கிறார், எத்தனை மணிவரை இருக்கிறார் என்று கேளுங்கள். சாப்பாட்டைச் சாப்பிட்டே பார்க்க வேண்டும், அதுவும் பிள்ளைகளோடு வரிசையில் நின்று.

கட்டடம் பிரமாதமாக இருந்தால் படிப்பும் நன்றாகத்தானே இருக்கும்?

அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் சுமார் 4,000 பள்ளிகளையும் 6 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களையும் வைத்து ஜேம்ஸ் கோல்மன் குழு 1966-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்குப் பள்ளி வசதியில் இருக்கும் வித்தியாசம் மதிப்பெண்ணில் பெரிதாகத் தெரியவில்லை என்பது அன்று பலரை அதிர வைத்த முடிவு. குடும்பப் பின்னணிக்குத்தான் பெரிய பங்கு. பள்ளியின் கையில் இருப்பவற்றில் கட்டடத்தைவிட ஆசிரியரின் தரத்துக்குத் தொடர்பு அதிகம்.

அண்மையில் வந்த ஒன்று நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 29 அமெரிக்க மாநிலங்களில் பள்ளிக் கட்டடச் செலவுகளை வகை பிரித்துப் பார்த்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. காற்றோட்டம், குளிர்விப்பு, வெப்பமூட்டல் போன்ற அடிப்படைகளுக்கும், நச்சுப் பொருள்களை அகற்றுவதற்கும் செலவழித்த இடங்களில் மதிப்பெண் உயர்ந்தது; அந்தப் பள்ளிக்காகக் குடிவருகிறவர்கள் கொடுக்கும் சுற்றுவட்டார வீட்டு விலை உயரவில்லை. விளையாட்டு அரங்குகளுக்குச் செலவழித்த இடங்களில் வீட்டு விலை உயர்ந்தது, மதிப்பெண் உயரவில்லை. பார்க்க வருகிறவர்களைக் கவர்வது ஒன்று, உள்ளே இருக்கும் பிள்ளைக்கு உதவுவது வேறொன்று என்பதை எண்களில் பார்த்தபோது, இத்தனை வருடம் பெற்றோரோடு நடந்த நடையெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது.

அப்படியானால் நீச்சல் குளம், மைதானம் எதுவும் வேண்டாமா?

மைதானம் கட்டாயம் வேண்டும். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் ஓடி விளையாடாத விடுதிப் பிள்ளை ராத்திரி தூங்காது, பகலில் சிடுசிடுக்கும். அதற்கு வேண்டியது பரந்த மண் தரையும், பந்தும், கூடவே நிற்கும் ஒரு பி.டி. வாத்தியாரும். சிந்தடிக் டிராக் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

மற்றவற்றுக்கு ஒரே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: என் பிள்ளை வாரத்தில் எத்தனை நிமிடம் இதைப் பயன்படுத்தும்? 600 பிள்ளைகள் உள்ள பள்ளியில் நீச்சல் குளத்தில் ஒரு நேரத்துக்கு 30 பேர் இறங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 20 குழுக்கள் ஆகிறது. நாளுக்கு மூன்று குழு என்றால் ஒரு பிள்ளையின் முறை வாரத்துக்கு ஒருமுறை வரும். நாற்பது நிமிடம், அதில் பத்து நிமிடம் உடை மாற்ற. இதே பிள்ளை இரவுப் படிப்பு நேரத்தில் வாரத்துக்கு 720 நிமிடம் உட்காருகிறது. பெற்றோர் குளத்தைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பார்கள். அந்த 720 நிமிடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பிள்ளை உண்மையாகவே நீச்சலிலோ இசையிலோ தீவிரமாக இருந்தால் அது அதற்கு அலங்காரம் இல்லை, பாடம். அப்போதும் குளத்தின் நீளத்தைவிடப் பயிற்சியாளர் யார், எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கற்பித்தல் தரத்தை ஒரே நாளில் போய் எப்படிக் கண்டுபிடிப்பது?

நோட்டைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல வழி கிடையாது.

அலுவலகத்தில் எடுத்து வைத்திருக்கும் நோட்டு வேண்டாம். வகுப்பில் நடுவில் படிக்கிற ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டும் மொழிப்பாட நோட்டும் பார்க்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். முதலில் தேதிகளைப் புரட்டுங்கள். மூன்று வாரம் ஒன்றுமே எழுதாமல் இருந்தால் அந்த மூன்று வாரம் வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்கலாம். அப்புறம் சிவப்பு மையைப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே வீச்சில் டிக் அடித்திருந்தால் அது மொத்தமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட நோட்டு. அதைவிட முக்கியமானது, திருத்தியதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பது.

என்னோடு வேலை பார்த்த மூத்த ஆசிரியை ஒருவரின் வகுப்பு நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பையன் வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்யாமல் விட்டிருந்தான். அவர் அடித்துவிட்டு விடையை எழுதிவிடவில்லை. ஓரத்தில், 'இடப்பக்கம் ஆக்சிஜன் எத்தனை? வலப்பக்கம் எத்தனை? எண்ணிப் பார்' என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள், பையன் எண்ணியது. அதற்கும் கீழே சரியான சமன்பாடு. நான்கு பக்கம் தள்ளி அதேபோல் இன்னொரு கணக்கு, இந்த முறை அவனே எண்ணிவிட்டு எழுதியிருந்தான். அந்த நான்கு பக்கத்துக்குள் ஒரு பள்ளியின் மொத்தத் தரமும் இருக்கிறது என்பேன்.

இதற்கு ஆதாரமும் உண்டு. ரூத் பட்லர் என்ற உளவியலாளர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவு மாணவர்களுக்குக் குறிப்பு மட்டும் எழுதித் தந்தார்கள், இன்னொரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்கள். மதிப்பெண் கூடவே வந்தால் பிள்ளை எண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுகிறது.

அறிவியல் லேபுக்குப் போனால் ஒரு வேலை செய்யுங்கள். பெரிய வகுப்புகளின் பிராக்டிகல் ரெக்கார்டு நான்கைந்தை வாங்கி, டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து எவ்வளவு செலவாகிறது என்று அளக்கும் சோதனை) செய்த பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உண்மையில் செய்திருந்தால் ஒருவருக்கு 19.6 வரும், இன்னொருவருக்கு 19.9 வரும், கை ஒன்றுபோல் இருக்காது. முப்பது பேருக்கும் ஒரே ரீடிங் என்றால் பலகையில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பயன்படும் பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயின் திருகைத் திருகிப் பாருங்கள். இறுகிக்கிடந்தால் லேபை எத்தனை முறை திறந்தார்கள் என்பது தெரிந்துவிடும். பளிங்குத் தரை போட்ட லேபிலும் இதைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு உதிரும் பழைய லேபில் பிள்ளைகள் வரிசையில் நின்று, மூக்கைச் சுளித்துக்கொண்டு, ஒவ்வொரு சொட்டாக விட்டுப் பழகியதையும் பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதிப்பார்களா?

கேட்டால்தான் தெரியும். பல பள்ளிகள் பத்து நிமிடம் அனுமதிக்கும். உள்ளே போனால் ஆசிரியரின் குரலையோ மொழிச் சரளத்தையோ எடைபோட வேண்டாம். கடைசி பெஞ்சில் யாராவது கேள்வி கேட்கிறார்களா, தப்பான பதில் சொன்ன பிள்ளையை ஆசிரியர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். தப்பாகச் சொன்னதும் வகுப்பே சிரித்து, ஆசிரியரும் அதை விட்டுவிட்டால், அங்கே பாதிப் பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ரிசல்ட்டைப் பார்த்து முடிவு செய்யலாமே? நூறு சதவீதத் தேர்ச்சி, மாநில அளவில் முதலிடம் என்றெல்லாம் போடுகிறார்களே?

எப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரியாமல் ரிசல்ட்டுக்கு அர்த்தம் இல்லை. பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் புகழ்பெற்ற பள்ளிகள் இருக்கின்றன. கட்ஆஃபுக்குச் சற்று மேலே வந்து உள்ளே போனவர்களையும், ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறவிட்டு வேறு பள்ளிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2014-ல் வந்தது. பின்னால் எழுதிய தேர்வுகளில் இரு சாராருக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பள்ளியின் பெயருக்கு நாம் கொடுத்த பாராட்டில் பெரும்பகுதி, உள்ளே நுழையும்போதே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது.

அதனால் டாப்பர் பெயரைக் கேட்காதீர்கள். 'ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இங்கேயே பத்தாம் வகுப்பு எழுதினார்கள்?' என்று கேளுங்கள். அறுபது பேர் சேர்ந்து முப்பத்தைந்து பேர் தேர்வு எழுதினால், நூறு சதவீதத் தேர்ச்சி அந்த முப்பத்தைந்து பேருக்கு மட்டும்தான். மீதி இருபத்தைந்து பேர் எங்கே, ஏன் போனார்கள் என்று விசாரியுங்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் மொத்தமாகக் குறைந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவது எல்லா இடத்திலும் நடப்பதுதானே?

நடப்பதுதான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நியூயார்க் நகரத்தின் நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களை எட்டு ஆண்டுகள் பார்த்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. ஆசிரியர்கள் அதிகம் மாறிய வகுப்புகளில் மொழிப்பாடம், கணக்கு இரண்டிலும் மதிப்பெண் குறைந்தது. வேலையை விடாமல் இருந்த ஆசிரியர்களின் மாணவர்களுக்குக்கூட அந்தப் பாதிப்பு இருந்தது.

உறைவிடப் பள்ளியில் இது இரட்டிப்பாக வலிக்கும். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு அங்கே இருக்கும் பெரியவர்கள் ஆசிரியர்கள்தான். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் புதிய உள்விளையாட்டு அரங்கு எழும்பிய அதே ஆண்டு, இயற்பியல் ஆசிரியர் இடம் ஒரு பருவம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அந்தப் பீரியடுகளில் நான் போய் உட்கார்ந்தேன். என்னால் பாடத்தைப் படித்துக் காட்ட முடிந்தது. இயற்பியல் நடத்த முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்தது தப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

கேட்க வேண்டியவை: இந்த ஆண்டு நடுவில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? மூன்று ஆண்டுக்கு மேல் இங்கேயே இருப்பவர்கள் எத்தனை பேர்? வளாகத்துக்குள் எத்தனை ஆசிரியர்கள் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள்? ஆசிரியர்களின் சொந்தப் பிள்ளைகள் அதே பள்ளியில் படிக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நான் மிகவும் நம்புவேன்.

ஒரு நல்ல ஆசிரியரால் அவ்வளவு வித்தியாசம் வந்துவிடுமா?

வரும். ராஜ் செட்டி, ஜான் ஃப்ரீட்மன், ஜோனா ராக்காஃப் மூவரும் பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகளையும் பெரியவர்களான பிறகு அவர்களின் வருமான வரிப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2014-ல் வெளியானது. நல்ல ஆசிரியரிடம் படித்தவர்கள் கல்லூரிக்குப் போவதும், பின்னாளில் கூடுதலாகச் சம்பாதிப்பதும் அதில் தெரிந்தது.

மாலையிலும் இரவிலும் நடக்கும் ஸ்டடி நேரத்தைப் பற்றி என்ன கேட்க வேண்டும்?

நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், ஆண்டுக்கு 36 வாரம் என்று வைத்தாலும் 432 மணி நேரம். எந்தப் பாடத்துக்கும் வகுப்பில் இவ்வளவு நேரம் கிடைக்காது. பகல் பள்ளியிலிருந்து உறைவிடப் பள்ளியைப் பிரித்துக் காட்டுவதே இந்த நேரம்தான். அதைப் பெரும்பாலான பள்ளிகள் அமைதியாக உட்கார வைக்கும் நேரமாக மட்டும் வைத்திருக்கின்றன.

இரண்டு விதமான அறைகளையும் பார்த்திருக்கிறேன். ஒன்றில் நீண்ட மேசைகள், வாசலில் ஒரு கண்காணிப்பாளர். ஒரு சிறுமி பின்னக் கணக்கில் சிக்கிக்கொண்டு கையைப் பாதி தூக்குகிறாள், அவர் பார்க்கவில்லை, கையை இறக்கிவிடுகிறாள். அப்புறம் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து விடையை எழுதிக்கொள்கிறாள். மறுநாள் நோட்டில் விடை சரி, டிக் விழுகிறது. இன்னோர் அறையில் கணக்கு ஆசிரியர் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறார். சுவரில் அட்டவணை: திங்கள் கணக்கு, செவ்வாய் அறிவியல், இப்படி. பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர் ஒரு வரியைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்புகிறார்.

எந்த அறை உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் என்பதைப் பகலில் போனால் தெரிந்துகொள்ள முடியாது. மாலை ஏழு மணிக்குப் பிறகு ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். முடியவே முடியாது என்றால், ஸ்டடி நேரத்தில் பாட ஆசிரியர்கள் இருப்பார்களா, அந்த வாரத்து அட்டவணையைக் காட்டுவீர்களா என்று கேளுங்கள்.

வார்டன் படிப்புக்குச் சம்பந்தம் இல்லாதவர்தானே?

ரொம்பச் சம்பந்தம் உள்ளவர். வீட்டு நினைப்பில் அழுகிற பிள்ளைக்கும், ரூமில் ஒருவன் தொந்தரவு செய்வதை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கும் எந்த ஆசிரியர் பாடம் எடுத்தாலும் மண்டையில் ஏறாது. வார்டனைத் தனியாகச் சந்தித்து, எத்தனை பிள்ளைகளுக்கு அவர் ஒருவர், இரவில் அதே மாடியில் தூங்குகிறாரா, லீவு எடுத்தால் யார் வருவார் என்று கேளுங்கள். பிறகு, 'போன வாரம் அழுத பிள்ளையை என்ன செய்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். நல்ல வார்டன் ஒரு பிள்ளையை மனதில் வைத்துப் பேசுவார். மற்றவர் விதிமுறையைச் சொல்வார்.

பெரிய பையன்கள் சின்னப் பையன்களை நடத்தும் விதத்தையும் இங்கேயே கவனித்துவிடுங்கள். சாப்பாட்டு வரிசையில் சின்னப் பிள்ளைகள் தட்டோடு ஒதுங்கி வழிவிடுகிறார்களா என்று பாருங்கள்.

ஸ்மார்ட் போர்டு, டேப்லெட், ரோபோடிக்ஸ் லேப் இருக்கிறதே?

இருக்கட்டும். பாடத்தைப் புரிந்த ஆசிரியர் கையில் அவை உதவும். சேர்ப்பதற்கு அவற்றையே காரணமாக வைக்காதீர்கள்.

நூலகத்தை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். அலமாரி பூட்டியிருக்கிறதா, புத்தகத்தை விடுதிக்கு எடுத்துப்போக விடுகிறார்களா, புத்தகத்தின் பின்பக்கச் சீட்டில் கடைசியாக விழுந்த தேதி என்ன என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் விடுதிப் பிள்ளைக்குப் புத்தகம்தான் துணை.

ஆசிரியர்கள் அருமை, ஆனால் விடுதி மோசம். சமாளித்துக்கொள்ளலாமா?

எது மோசம் என்பதைப் பொறுத்தது. பழைய கட்டில், பெயின்ட் உரிந்த சுவர், சின்ன அலமாரி, பத்துப் பேருக்கு ஓர் அறை: சமாளிக்கலாம், பிள்ளைகள் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். தண்ணீர் வராதது, கழிப்பறை நாறுவது, வயிற்றுப்போக்கு அடிக்கடி வருவது, இரவில் பெரியவர் யாரும் இல்லாதது: வேண்டாம். எவ்வளவு நல்ல ஆசிரியர் இருந்தாலும் வேண்டாம். அப்படிப்பட்ட ஆசிரியர்கள்தான் முக்கியம் என்றால், பக்கத்தில் தங்கிப் பகல் மாணவராகச் சேர வழி உண்டா என்று பாருங்கள்.

எங்கள் பிள்ளைக்கு வசதியான வளாகம்தான் பிடித்திருக்கிறது. அதன் விருப்பத்தை மீறலாமா?

பத்து வயதில் யாருக்குத்தான் நீச்சல் குளம் பிடிக்காது? பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு பள்ளிக்கும் கூட்டிப்போய், அங்கே படிக்கும் அதே வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரோடு பெரியவர்கள் இல்லாமல் அரை மணி நேரம் பேச விடுங்கள். திரும்பி வரும் வழியில் பிள்ளை சொல்லும் விஷயங்கள் வேறாக இருக்கும்: யார் அடிப்பார், யார் கதை சொல்வார், பசித்தால் என்ன செய்வார்கள் என்று. நீங்கள் கேட்க மறந்த கேள்விகளையெல்லாம் அது கேட்டிருக்கும். அதற்குப் பிறகும் ஒரு பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று அழுதால் அந்த ஆண்டு அனுப்பாதீர்கள்.

கட்டணம் அதிகம் என்றால் ஆசிரியர்களும் நல்லவர்களாக இருப்பார்கள் அல்லவா?

கட்டணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. ஆசிரியர் சம்பளத்தைப் பற்றி நேரடியாகக் கேட்க முடியாவிட்டாலும், அவர்கள் தங்கும் குடியிருப்பைப் பார்க்கலாம். முகப்பு மாளிகை போல இருந்து ஆசிரியர் குடியிருப்பு இடிந்து கிடந்தால் எனக்கு அதுவே போதும்.

நல்ல ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் சேர்த்தோம். முதல் ஆண்டு மார்க் ஏறவில்லை, பிள்ளையும் வாடியிருக்கிறது. தப்பு செய்துவிட்டோமா?

அவசரப்பட வேண்டாம். பாரிஸுக்கு அருகே சூர்தன் என்ற இடத்தில் பழைய ராணுவ முகாம் ஒன்றை 2009-ல் உறைவிடப் பள்ளியாக மாற்றினார்கள். விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் சேர்த்ததால், இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட முடிந்தது. வகுப்புகள் சிறியவை, ஆசிரியர்கள் ஈடுபாடு உள்ளவர்கள். இருந்தும் முதல் ஆண்டு முடிவில் மதிப்பெண்ணில் முன்னேற்றம் இல்லை; வந்த புதிதில் பிள்ளைகளின் மனநிலையும் தாழ்ந்திருந்தது. இரண்டு ஆண்டு முடிவில் கணக்கில் நல்ல உயர்வு தெரிந்தது, அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களிடம். ஆக, பழகுவதற்கு நேரம் எடுக்கும் என்பதும் உண்மை, எல்லாப் பிள்ளைக்கும் விடுதி ஒத்துவராது என்பதும் உண்மை.

முதல் பருவத்தில் அழுகை இருக்கும். அது வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்று பாருங்கள். போனில் 'நல்லா இருக்கியா, சாப்பிட்டியா' என்று மட்டும் கேட்டால் 'ம்' என்றுதான் பதில் வரும். 'இன்னைக்கு எது புரியலை? யார்கிட்ட போய்க் கேட்டே?' என்று கேளுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் பதிலில் ஓர் ஆசிரியரின் பெயராவது தானாக வர வேண்டும். அரையாண்டு கடந்தும் ஒரு பெயரும் வரவில்லை என்றால் நேரில் போய் வகுப்பாசிரியரையும் வார்டனையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுங்கள். படிப்பு மட்டும் பிரச்சினை என்றால் ஆண்டு முடியும்வரை பொறுத்து மாற்றலாம். அடி, மிரட்டல், தொடுதல் பற்றிப் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே கிளம்பிப் போய் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். டி.சி., கட்டிய பணம் எல்லாவற்றையும் பிறகு பேசிக்கொள்ளலாம்.